பத்து மாத ராஜபாளையமும் மாமியாரின் செருப்பும்

கேள்வி: எங்கள் வீட்டில் இதுவரை வளர்ந்ததெல்லாம் தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாய்கள்தான். முதன்முறையாகக் காசு கொடுத்து ஒரு ராஜபாளையம் கடுவன் குட்டி வாங்கினோம். 40 நாள் குட்டியாக வந்தான். வெள்ளையாக இருந்ததால் துரை என்று பெயர் வைத்தோம். இப்போது பத்து மாதம், 22 கிலோ. பகலில் போர்டிகோ தூணில் சங்கிலி, ராத்திரி காம்பவுண்டுக்குள் அவிழ்த்து விடுவோம். கூப்பிட்டால் வருவதே இல்லை. கேட் திறந்தால் ஓடிப்போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புகிறான். எதிர்வீட்டுக் கோழி இரண்டைக் கொன்றுவிட்டான். பைக்கைத் துரத்துகிறான். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறான். போன வாரம் வாயில் இருந்த செருப்பைப் பிடுங்கப் போன மாமியாரின் கையில் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. "நல்லா நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்கிறார் கணவர். "ரத்தம் அப்படி, ரெண்டு வயசுல அடங்கிடும்" என்கிறார் விற்றவர். யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் மாமியார். நாலைந்து நாய் வளர்த்த எங்களுக்கு இவன் மட்டும் ஏன் வசப்படவில்லை, டாக்டர்?

வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் மாமியாரின் கை. "நம்ம வீட்டு நாய்தானே" என்று விட்டிருந்தால் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பல் பட்டு ரத்தம் வந்திருந்தால் வெறிநோய்க் கணக்கில் அது கடுமையான வகையில்தான் சேரும். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 என்ற நாள்களில் வரும். காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். துரையின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பல் பட்ட நாளிலிருந்து 10 நாள் அவன் தின்பதும் குடிப்பதும் வழக்கம்போல இருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். இனி எப்போது பல் பட்டாலும் முதல் வேலை, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது துரையின் காது. கூப்பிட்டால் வராத நாய்க்கு அடம் என்று பெயர் வைக்குமுன், அவனுக்குக் கேட்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மற்ற நாயாக இருந்தால் இதை இரண்டாவது பக்கத்தில் சொல்லியிருப்பேன். வெள்ளை ராஜபாளையம் என்பதால் இங்கேயே சொல்கிறேன். இந்த இனத்தில் பிறவிச் செவிடு அறியப்பட்ட குறை. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை வாங்கும் நுண்ணிய செல்கள் செத்துப்போகும். மூக்கும் இமையும் ரோஜா நிறத்தில், உடம்பு பால் வெள்ளையில் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்பதும், அதற்காகவே பொறுக்கி இணை சேர்ப்பதும் இந்தக் குறையைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. குட்டிக் கூட்டத்தில் இருக்கும்வரை இது வெளியே தெரியாது. மற்றவை எழுந்து ஓடினால் செவிட்டுக் குட்டியும் கூடவே எழுந்து ஓடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். துரை விழித்திருக்க வேண்டும், உங்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும். ஒருவர் அவனுக்கு எதிரே உட்கார்ந்து சும்மா கவனிக்கட்டும். இன்னொருவர் அவனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, சுவருக்கு அப்பால் நின்று சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கட்டும். தரையை மிதிக்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. அதிர்வும் காற்றும் பட்டாலே செவிட்டு நாயும் திரும்பிப் பார்க்கும். காது மடல் அசைகிறதா, தலை திரும்புகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எழுதிவையுங்கள். ஒரு வேளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். சத்தம் பழகிவிட்டால் நன்றாகக் கேட்கிற நாய்கூடச் சட்டை செய்யாது. சாவி, விசில், கீச்சென்று கத்தும் பொம்மை என்று மாற்றி மாற்றி மூன்று நாள் பாருங்கள். இடப்பக்கம் சத்தம் வந்தாலும் வலப்பக்கம் வந்தாலும் ஒரே பக்கமே திரும்பினாலோ, கேட்டும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலோ, ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்று சந்தேகிக்கலாம். உறுதியாகச் சொல்ல, மூளைத்தண்டின் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கருவி எல்லா ஊரிலும் கிடையாது. உங்களுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்டி, சோதனைக்கு எங்கே போவது என்று கேளுங்கள். ஒரு காது போயிருந்தாலும் அவனை இணை சேர்க்கக் கூடாது.

காது சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். நாட்டு நாய் வசப்பட்டது, இவன் ஏன் வசப்படவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்ட நாய், ஆள்களைச் சகித்துக்கொள்ளும் நாய். சகிக்காதது வாசலுக்கே வந்திருக்காது. அது நாள் முழுக்கத் தெருவில் சுற்றியது, பைக்கைப் பார்த்தது, கோழியைத் துரத்திக் கல்லடி பட்டது, மற்ற நாய்களிடம் மரியாதை கற்றது. நீங்கள் கொடுக்காத பயிற்சியை எல்லாம் தெரு கொடுத்தது. துரைக்கு அந்தத் தெரு கிடைக்கவில்லை, தூண்தான் கிடைத்தது. அவன் முன்னோர்கள் பண்ணைக்கும் வீட்டுக்கும் காவல் நின்றவர்கள், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர்கள். ஆளைக் கண்டதும் தானே முடிவெடுப்பவனையும், ஓடுவதைக் கண்டதும் கட்டளைக்குக் காத்திராமல் பாய்பவனையும் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். நீங்கள் குறை என்று எழுதியிருக்கும் பட்டியலில் பாதி, அந்தக் காலத்தில் குட்டிக்கு விலையைக் கூட்டிய குணங்கள். 2005ல் தபால்தலையில் வந்த இனம் என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். அந்த நாய்க்கு என்ன வேலை பழக்கம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

40 நாளில் வாங்கியது இன்னொரு முடிச்சு. நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017 விதிகளின்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கவே கூடாது. தாய்ப்பால் கணக்குக்காக மட்டும் வைத்த கெடு இல்லை இது. ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். பலமாகக் கடித்தால் கடிபட்ட குட்டி கத்திவிட்டு ஆட்டத்தை நிறுத்தும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்ற கணக்கு அங்கேதான் படிகிறது. அதைத் தவறவிட்ட நாய் வளர்ந்த பிறகு பல்லை வைத்தாலே கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழும். அதோடு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான் புது ஆள், புது சத்தம், வண்டி, குடை, தொப்பி எல்லாவற்றையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம். தடுப்பூசி முடியட்டும் என்று நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தப் பருவம் கதவுக்குப் பின்னாலேயே கழிந்திருக்கும். கையில் தூக்கிக்கொண்டு போயாவது காட்டியிருக்கலாம். துரைக்கு அது முடிந்துபோன கதை. இப்போதும் கற்பான், ஆனால் ஒரு வாரத்தில் பழகியிருக்க வேண்டியதற்கு இரண்டு மாதம் ஆகும்.

இனி தூண். உங்கள் கடிதத்தில் இருக்கும் பிரச்சினைகளில் இன்றைக்கே மாற்றக்கூடியது இதுதான். போர்டிகோவில் கட்டினால் ரோட்டில் போகிற ஒவ்வொருவரும் தெரிவார்கள். அவன் பாய்வான், சங்கிலி கழுத்தை வெட்டி இழுக்கும். ஆளைப் பார்ப்பதும் கழுத்து வலியும் ஒன்றாகப் பதியும். போகிறவரோ எப்படியும் போகத்தான் போகிறார். அவனுக்கோ தான் குரைத்ததால் போனதாகக் கணக்கு. ஒரு நாளைக்கு ஐம்பது பேர் போனால் ஐம்பது வெற்றி. இந்தப் பயிற்சியைக் காசு வாங்காமல் நீங்களே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11, எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாய்க்கு நடை கொடுக்காமல் விடுவதையே குற்றம் என்கிறது. நம் ஊரில் யாரும் கேஸ் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

ரோடு தெரியாத கொல்லைப்பக்கம் 10 அடிக்கு 15 அடி கம்பிவலை அடைப்பு போடுங்கள். உயரம் 6 அடிக்குக் குறைய வேண்டாம், அவன் தாண்டுவான். கீழே ஓர் அடி ஆழத்துக்கு வலையை உள்பக்கமாக மடித்துப் புதையுங்கள், அவன் தோண்டுவான். தகரக் கூரை மட்டும் போட்டால் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கட்டும், தாழ் தானாக விழுகிற வகையாக இருக்கட்டும். பட்டறையில் சொன்னால் இரண்டு மூன்று நாளில் செய்து கொடுப்பார்கள். அதுவரை பகலில் ஓர் அறைக்குள் வைத்திருந்தாலும் தூணைவிட மேல்.

கேட்டுக்கு உள்ளே நான்கடி தள்ளி இன்னொரு தடுப்புக் கதவு வேண்டும். ஒன்று மூடியிருந்தால்தான் இன்னொன்றைத் திறப்பது என்ற பழக்கம் பால்காரர் முதல் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை வரை எல்லோருக்கும் வர வேண்டும். வேட்டைக் குணமுள்ள நாய்க்குத் துரத்துவதே தின்பண்டம். பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒவ்வொரு ஓட்டமும் அவனுக்குக் கொடுத்த கூலி. கூலி கிடைக்கிற வேலையை எந்தப் பயிற்சியாலும் நிறுத்த முடியாது. அதனால் பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து ஒருமுறைகூடத் தப்பி ஓடாமல் இருப்பது பயிற்சியைவிட முக்கியம்.

பெல்ட்டைப் பாருங்கள். இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நல்ல கனம். சாதாரண பெல்ட் போட்டால் பின்னால் நகர்ந்து ஒரு உதறு உதறினால் கழன்றுவிடும். கழன்றுவிடக் கூடாது என்று இறுக்கிப் போட்டால் தோல் புண்ணாகும். மார்ட்டிங்கேல் என்று ஒரு பெல்ட் கிடைக்கிறது. இழுக்கும்போது மட்டும் ஓரளவு இறுகி, இழுப்பு விட்டதும் தளரும். நாலு சென்டிமீட்டர் அகலத்தில், முழுதாக இறுகின நிலையிலும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குச் சரிசெய்து போடுங்கள். நடைக்கு ஆறடி நைலான் கயிறு. சங்கிலி கையை அறுக்கும், உள்ளே சுருண்டு போகிற வகைக் கயிறு இந்த எடைக்கு ஆபத்து. பயிற்சிக்கு மட்டும் 30 அடியில் லேசான இன்னொரு கயிறு. அதைக் கழுத்தில் கட்டவே கூடாது, மார்புப்பட்டையின் முதுகு வளையத்தில் மாட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓடி 30 அடியில் கழுத்து வெட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விரல் போய்விடும்.

காலையில் ஏழு மணிக்குள் முக்கால் மணி நேரம், சாயங்காலம் தார் ஆறின பிறகு அரை மணி நேரம் நடை. புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதத்துக்கும் அது சூடுதான். நடையில் பாதி நேரம் மோப்பம் பிடிக்க விட்டுவிடுங்கள். இழுத்துக்கொண்டு வேகமாக நடத்துவதைவிட, வேலியோரம் கால் மணி நேரம் மூக்கைப் புதைத்து நிற்பதில்தான் அவன் களைப்பான்.

கூப்பிடும் பயிற்சிக்கு முதலில் சொல்லை மாற்றுங்கள். "துரை வா" என்பது பாழாகிப்போன சொல். பத்து மாதமாக அதைச் சொன்ன பிறகு நடந்ததெல்லாம் சங்கிலி, குளியல், திட்டு. புதிதாக ஒன்றை எடுங்கள், "இங்கே" என்றாலும் சரி, விசில் என்றாலும் சரி, வீட்டில் எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். அவன் பக்கத்திலேயே நிற்கும்போது ஒருமுறை சொல்லுங்கள், உடனே நகக்கண் அளவு வேகவைத்த கோழிக்கறி வாயில். அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. இரண்டாம் வாரம் பத்தடி தள்ளி நின்று சொல்லுங்கள். வந்ததும் ஒரு கையால் பெல்ட்டைத் தொட்டு, மறு கையால் கறி. பெல்ட்டைத் தொடுவதை விடாதீர்கள். பெல்ட்டை நோக்கி வரும் கை சங்கிலி என்று கற்றுவைத்திருக்கிறான். அருகில் வரை வந்துவிட்டுக் கைக்கு எட்டாமல் நழுவுகிற நாய்களின் ரகசியம் இதுதான்.

மூன்றாம் வாரத்திலிருந்து நீளக் கயிற்றோடு காலி மைதானம். மோப்பத்தில் மூழ்கியிருக்கும்போது கூப்பிடாதீர்கள். தலை நிமிர்ந்து உங்கள் பக்கம் திரும்பப் போகிற அந்த நொடியில் சொல்லுங்கள். வராவிட்டால் திரும்பச் சொல்லாதீர்கள். மூன்று முறை சொன்னால் மூன்றாவது முறைதான் வர வேண்டும் என்று கற்பான். நீங்களே ஐந்தடி நெருங்கி, மூக்குக்கு நேரே கறியைக் காட்டித் திருப்புங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை கறி கொடுத்து மறுபடி மோப்பம் பிடிக்க விட்டுவிட வேண்டும். "கூப்பிட்டால் ஆட்டம் முடிந்தது" என்று தோன்றிவிட்டால் மூன்று வார உழைப்பும் வீண். குளிப்பாட்ட வேண்டுமா, அடைக்க வேண்டுமா, கூப்பிடாமல் நீங்களே போய் அழைத்து வாருங்கள். ஒன்றைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன்: திறந்த வெளியில் கயிறில்லாமல் நம்பி விடுகிற நாயாக துரை ஆவான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அவன் இனத்தில் பலர் ஆவதில்லை.

உங்கள் கணவரின் "நாலு சாத்து" பற்றி. செய்த செயலோடு நாய் சேர்த்துப் பார்ப்பது அடுத்த ஓரிரு விநாடிகளில் நடப்பதை மட்டுமே. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவனை அடித்தால், ஓடியதற்கு அடி என்று அவனுக்குத் தெரியாது. கேட்டுக்குள் நுழைந்ததற்கு அடி என்றுதான் பதியும். அடுத்த முறை ஒன்றரை மணி நேரம் கழித்து வருவான். உறுமியதற்கு அடித்தால் இன்னும் மோசம். பிடிக்கவில்லை, தள்ளிப் போ என்று அவன் சொல்லும் வழி உறுமல். அதை அடித்து அடக்கினால் பயம் போகாது, முன்னறிவிப்பு மட்டும் போய்விடும். "சத்தமே போடாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று வருகிற நாய்களில் பல, உறுமியதற்காக அடி வாங்கியவை. ஷாக் பெல்ட் வாங்கலாமா என்ற கேள்வியும் அடுத்து வரும். வேண்டாம்.

இப்போது செருப்பு. குட்டியாக இருந்தபோது துரை முதல்முதலில் செருப்பைத் தூக்கியபோது வீட்டில் எல்லோரும் எழுந்து துரத்தியிருப்பீர்கள். அப்போதே அது சாதாரணச் செருப்பாக இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் பறிக்க வருகிற பொருள் விலை உயர்ந்தது என்று எந்த நாயும் நினைக்கும். வழி, பிடுங்குவதை நிறுத்திவிட்டுப் பண்டமாற்றுச் செய்வது. ஒரே மாதிரி இரண்டு பழைய கயிற்று முடிச்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்போ எலும்போ வேண்டாம், அவனுக்குப் பெரிய ஆசை இல்லாத பொருளாக இருக்க வேண்டும். ஒன்றை அவன் கவ்வியிருக்கும்போது மூக்கருகே கறித்துண்டைக் கொண்டு போங்கள். வாய் திறக்கும். திறக்கிற அந்த நேரத்தில் "விடு" என்று மெதுவாகச் சொல்லிக் கறியைக் கொடுங்கள். அவன் மெல்லும்போது முடிச்சை எடுத்து, ஒரு விநாடி வைத்திருந்து, திருப்பி அவனிடமே கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதுதான் இதில் எல்லோரும் விட்டுவிடுகிற இடம். விட்டால் இழப்பு இல்லை, கறியும் கிடைக்கும் பொருளும் திரும்ப வரும் என்று அவன் வயிறு நம்ப வேண்டும். நாளைக்கு ஐந்து முறை, இரண்டு வாரம். பிறகு பொம்மை, பிறகு பழைய துணி, கடைசியில்தான் செருப்பு.

நடுவில் நிஜமாகவே ஆபத்தான ஒன்றை, மாத்திரை அட்டை, ஊசி, பேட்டரி, எதையாவது கவ்விவிட்டால் கிட்டே போகாதீர்கள். ஒரு கைப்பிடி கறியை அவனைத் தாண்டி ஏழெட்டடி தள்ளிச் சிதறுங்கள். அவன் பொறுக்கப் போன பிறகு எடுங்கள். கயிற்றை எடுத்து "வெளியே போலாமா" என்றாலே சில நாய்கள் எதையும் போட்டுவிட்டு ஓடிவரும்.

சாப்பாட்டுத் தட்டில் கையை விட்டுப் பழக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தின்றுகொண்டிருக்கும்போது யாராவது நம் இலையில் கையை விட்டால் நமக்கே கோபம் வரும். துரைக்கு யாரும் குறுக்கே வராத ஒரு மூலையில் தட்டை வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இரண்டு நாள் போகட்டும். பிறகு பத்தடி தூரத்தில் ஒரு பக்கமாகக் கடந்து போங்கள், போகும்போது தட்டுப் பக்கம் ஒரு கறித்துண்டை வீசிவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். கவனிக்க வேண்டியது அவன் உடம்பு. வாய் அசைவது நின்று உறைந்துவிட்டாலோ, அவசர அவசரமாக விழுங்கினாலோ, தலை தாழ்ந்தபடி கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிந்தாலோ தூரம் போதவில்லை. மூன்றடி பின்னால் போங்கள். நீங்கள் வருவதைப் பார்த்து வால் தளர்ந்து தலை நிமிர்த்தினால் நாளைக்கு அரை அடி நெருங்கலாம். நீங்கள் பழகி முடித்த பிறகு மாமியார் பத்தடியிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். உங்களிடம் கற்றது அவரிடம் தானாக ஒட்டாது. சின்னப் பிள்ளைகள் இந்தப் பயிற்சிப் பக்கமே வரக் கூடாது. அவன் சாப்பிடும்போது பிள்ளைகள் கதவுக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான்.

கோழிக்குப் பயிற்சி கிடையாது, வேலிதான். செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்தும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். எதிர்வீட்டார் கேட்கும்வரை காத்திராமல் இரண்டு கோழிக்கும் பணம் கொடுத்துவிடுங்கள். விஷம் வைத்துச் சாகிற நாய்களில் கோழிப் பகையும் ஒரு காரணம்.

பைக்குக்குத் தூரம்தான் மருந்து. ரோட்டிலிருந்து எழுபதடி தள்ளி, அவன் பைக்கைப் பார்த்தும் பாயாமல் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். பைக் தெரிந்ததும் கறி, பைக் மறைந்ததும் கறி நிறுத்தம். சில நாளில் பைக் சத்தம் வந்ததும் உங்கள் கையைப் பார்ப்பான். அப்போது ஐந்தடி முன்னால் வாருங்கள். ஒருமுறை பாய்ந்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இவ்வளவு கறி கொடுத்தால் கொழுத்துவிடுவானே என்றால், கணக்குப் போட்டுக் கொடுங்கள். 22 கிலோ எடையுள்ள, நன்றாக ஓடுகிற இளம் நாய்க்கு நாளைக்குச் சுமார் 1,400 கலோரி வேண்டும். பயிற்சித் தீனி அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அது சுமார் 80 கிராம் வேகவைத்த, எலும்பில்லாத கறி. நகக்கண் அளவில் நறுக்கினால் எண்பது துண்டு தேறும். மிச்சத்துக்கு வளரும் பெரிய இன நாய்க்கான உலர்தீவனம் என்றால் 330 கிராம் அளவில் வரும். பையில் போட்டிருக்கும் கலோரியைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பெடிகிரி என்பது ஒரு கம்பெனியின் பேர், பேச்சு வழக்கில் எல்லாத் தீவனத்தையும் அப்படியே சொல்வதுண்டு, அதனால் பையைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். பால் சோறும் கோழிக்கடைக் கழிவும்தான் இதுவரை என்றால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வேகவைத்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். முழுத் தீவனம் தின்கிற குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றினால் எலும்பு வளர்ச்சி கெடும், நல்லதென்று நினைத்துச் செய்கிற கெடுதல் இது. கறி தின்றால் ஆக்ரோஷம் ஏறும் என்பதற்கு அடிப்படை இல்லை. இரண்டு வேளையாகக் கொடுங்கள், தின்ற பிறகு ஒரு மணி நேரம் ஓட விடாதீர்கள். இவனைப் போல ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வயிறு புடைத்து, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வெளிர்தோல் என்பதால் உச்சி வெயிலில் மூக்கும் அடிவயிறும் வெந்துபோகும், பதினொன்றிலிருந்து நான்கு வரை நிழல். மனிதர்கள் பூசும் துத்தநாகக் கிரீமைப் பூசிவிடாதீர்கள், நக்கினால் விஷம். உண்ணிக்கு எடைக்குத் தகுந்த மாத்திரையை மருத்துவரிடம் வாங்குங்கள், மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். விரலிடுக்கிலும் காது மடலுக்குள்ளும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

விற்றவர் சொன்ன "ரெண்டு வயசுல அடங்கிடும்" பாதி உண்மை. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வயது வரை நாய்க்கும் விடலைப் பருவம்தான். அதன் துள்ளல் அடங்கும். துரத்துவதும் தட்டைக் காப்பதும் அடங்காது, பழகப் பழக உரம் ஏறும். கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவதும் அங்கங்கே மூத்திரம் பெய்வதும் குறையலாம், பயத்தில் வரும் உறுமல் அதனால் குறையாது. இந்த அளவு நாய்க்கு ஒரு வயது தாண்டட்டும், மூட்டு வளர்ச்சி முடியட்டும், அப்போது மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

கொடுத்துவிடுவது பற்றி. அது பாவம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தாலோ, மேலே சொன்ன தடுப்பெல்லாம் இருந்தும் ஆழமாகப் பல் பதிகிற மாதிரி இன்னொரு கடி விழுந்தாலோ, நானே அதைத்தான் சொல்வேன். கொடுப்பதானால் கோழி, செருப்பு, மாமியார் கை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லி, உயர்ந்த காம்பவுண்டும் நாய் பழகின ஆளும் இருக்கிற இடத்துக்குக் கொடுங்கள். "முயல் வேட்டைக்குக் கொண்டுபோறேன்" என்று யாராவது கேட்டு வருவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், நாயும் வேலிக் கம்பியிலும் கண்ணியிலும் கிழிந்து சாகும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ராஜபாளையம் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கென்னல் கிளப் காகிதம் அப்பன் ஆத்தா யார் என்று சொல்லும், குணத்தைச் சொல்லாது. தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் கட்டிப்போட்ட இடத்திலிருந்து பல்லைக் காட்டினால் குட்டி அழகாக இருக்கிறது என்று மயங்காமல் திரும்பிவிடுங்கள். குட்டிகளுக்குப் பின்னால் சாவியைக் குலுக்கிப் பாருங்கள். எட்டு வாரம் ஆகவில்லை என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள், குட்டியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள்: மாமியாருக்கு ஊசி, செருப்புகளுக்குக் கதவு வைத்த ஓர் அலமாரி, துரைக்குச் சாவிக்கொத்துச் சோதனை. சோதனையில் எந்தப் பக்கம் எத்தனை முறை திரும்பினான் என்று குறித்து எழுதுங்கள். ஒரு காது மட்டும் என்றால் விசிலோடு கையசைவும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இரண்டும் கேட்கவில்லை என்றால் கூப்பிடும் பயிற்சி முழுவதையும் கைச்சைகைக்கு மாற்றித் தருகிறேன்.